பார்சல் கட்ட வாருங்கள்: சேலத்து ஸ்டார்ட்அப் பிள்ளைகளுக்கு ஒரு மடல்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஸ்டார்ட்அப் நடத்துகிற, நடத்தப் போகிற தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நான் இளம்பிள்ளையில் சேலை விற்கிறவள். ரோட்டில் போர்டு வைத்த கடை கிடையாது. வீட்டு முன் ரூம், இரண்டு இரும்பு ரேக், ஒரு ரிங் லைட், இரண்டு போன். இவ்வளவுதான் என் கடை. பக்கத்து வீட்டில் தறி ஓடுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். என் வீடியோ எல்லாவற்றுக்கும் அதுதான் பின்னணி இசை.

இரண்டு வருடத்தில் உங்களில் ஏழு பேர் என்னைத் தேடி வந்துவிட்டீர்கள். எல்லாருக்கும் டீ கொடுத்திருக்கிறேன், ஒருவருக்குத் தட்டுவடை செட்டும். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஏழு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேச்சை ஆரம்பித்தீர்கள்: "அக்கா, உங்க பிசினஸை நாங்க ஆன்லைனுக்குக் கொண்டு போறோம்."

கண்ணுகளா, என் வியாபாரம் பிறந்ததே ஆன்லைனில்தான். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் வந்தது 2018 ஜனவரியில். அந்த வருடம் ஆடிக்கே நான் அதில் சேலை விற்றுக்கொண்டிருந்தேன். என் வாடிக்கையாளர்களில் நான் முகம் பார்த்தவர்கள் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். எங்கள் ஊரில் என்னை மாதிரி எத்தனையோ வீடுகள். மைக்கும் கையுமாக யூடியூப்காரர்கள் தெருவில் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதனால் எங்களை எங்கேயும் கொண்டு போக வேண்டாம். வந்து பக்கத்தில் உட்காருங்கள், அது போதும். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன சித்திரையில் ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை. லேப்டாப்பைத் திறந்து ஒரு ஆப் காட்டினார். சேலையை நிறம் வாரியாகத் தேடலாமாம். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று பன்னிரண்டு வட்டம் வரிசையாக இருந்தது. நான் ரேக்கில் இருந்து ஒரு சேலையை உருவி அவர் மடியில் போட்டேன். "இது எந்த வட்டம் சாமி?" மயில்கழுத்து நிறம் அது. நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் நீலம், குறுக்கே போகிற ஊடை நூல் பச்சை. மடித்து வைத்தால் ஒரு நிறம், விரித்து வெளிச்சத்தில் சாய்த்தால் இன்னொரு நிறம். தம்பி நீல வட்டத்தைத் தொட்டார், அப்புறம் பச்சையைத் தொட்டார், அப்புறம் சிரித்துவிட்டார்.

எங்களிடம் வாங்குகிறவர்கள் கேட்பது அரக்கு, ராமர் பச்சை, வெங்காயத்தோல், கத்தரிப்பூ, எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் பெயர் வாங்கிய எம்.எஸ். ப்ளூ. அரக்கையும் மெரூனையும் ஒரே வட்டத்தில் போடுகிற ஆப் எனக்கு வியாபாரத்தைக் கொண்டு வராது, ரிட்டர்னைத்தான் கொண்டு வரும். என்னிடம் திரும்பி வருகிற சேலைகளில் பாதிக்கு மேல் நிறத் தகராறுதான், கிழிசலோ கறையோ ரொம்பக் குறைவு. ட்யூப் லைட்டில் ஒரு நிறம், வாசல் வெயிலில் ஒரு நிறம், வாங்குகிறவர் போனில் மூன்றாவது ஒன்று. கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிற ஒருவர் சொன்னார்: சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள், அந்தத் தாள் வெள்ளையாகத் தெரிகிற மாதிரி படத்தைச் சரிசெய்தால் மற்ற நிறமும் முக்கால்வாசி சரியாகிவிடும் என்று. செய்து பார்த்தேன், உண்மைதான். ஆனால் ஒரு நாளைக்கு எண்பது படத்துக்கு யார் உட்கார்ந்து செய்வது? அதை ஒரே பட்டனில் செய்து கொடுக்கிற பிள்ளை ஏழு பேரில் ஒருவர் கூட இல்லை.

இன்னொருவர் ஓஎன்டிசியில், அதாவது எல்லா ஆப்பிலும் நம் சரக்கைக் காட்டுகிற அரசு ஆதரவு ஆன்லைன் வியாபார வலையில், சேர்த்துவிடுகிறேன் என்றார். 2022-ல் அதை முதலில் சோதித்துப் பார்த்த ஐந்து ஊர்களில் கோயம்புத்தூரும் ஒன்று, அதனால் பெயர் எனக்குப் புதிதில்லை. யோசனை நல்லதுதான். ஆனால் என்னிடம் இருப்பதில் நிறைய சிங்கிள். டிசைனுக்கு எட்டு கலர், கலருக்கு ஒன்றோ இரண்டோ. அதற்குப் பெயர், நீளம், துணி வகை, ஐந்து படம் என்று ஏற்றி முடிப்பதற்குள் அந்தச் சேலை ஸ்டேட்டஸில் விற்றுப் போயிருக்கும்.

சரி, உண்மையில் என் கை எங்கே வலிக்கிறது என்று கேட்கிறீர்களா? ராத்திரி பத்து மணிக்கு வாருங்கள். இந்த மெசேஜைப் பாருங்கள், ஊர் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்:

"அக்கா அந்த மூணாவது சேலை போட்டு விடுங்க பணம் போட்டாச்சு அட்ரஸ் போன தடவ குடுத்ததுதான் ஆனா இப்ப வீடு மாறிட்டோம் மாரியம்மன் கோயில் பின்னாடி மாவு மில் சந்து மாடி வீடு"

பின்கோடு எங்கே? அது தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜில் வரும், பின்னால் குக்கர் விசில் சத்தத்தோடு. மூணாவது சேலை என்றால் எதில் மூணாவது? காலை ஸ்டேட்டஸிலா, குரூப்பில் போட்டதிலா, இன்ஸ்டாவில் போட்ட ரீலிலா? போன தடவை கொடுத்த அட்ரஸைத் தேட நான் ஆறு மாதத்துச் சாட்டை மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். சாதாரண நாளில் நாற்பது பார்சல். தீபாவளிக்கு முந்தின மாதம் நூற்றைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் இந்த மாதிரி ஒரு மெசேஜ், ஒரு வாய்ஸ், ஒரு ஸ்கிரீன்ஷாட். உங்களில் யாரும் இந்த நேரத்தில் வந்ததில்லை. எல்லாரும் காலை பதினொரு மணிக்கு, நான் தலை சீவி உட்கார்ந்திருக்கும்போது வந்தவர்கள்.

அந்தப் பின்கோடின் ஆறு இலக்கத்துக்குள்ளேயே இன்னொரு வேலை இருக்கிறது. என்னை மாதிரி விசைத்தறிச் சேலை விற்கிறவர்கள் மாநிலத்துக்குள்ளேயே விற்றால் வருடத்துக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். கேரளாவுக்கு ஒரே ஒரு சேலை அனுப்பினாலும் பதிவு வேண்டும். நான் பதிவு செய்தவள். அப்போது பில்லில் தமிழ்நாட்டுக்கு என்றால் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டி என்று வரி இரண்டாகப் பிரிய வேண்டும், மாநிலத்துக்கு வெளியே என்றால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரி. பின்கோடின் முதல் இரண்டு எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: 60-ல் இருந்து 64 வரை நம் பக்கம், 67, 68, 69 கேரளா. இதை ஒரு புரோகிராம் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் என்று ஒரு தம்பி செய்து கொடுத்தார். செய்தது. ஆனால் 605 என்று ஆரம்பித்தால் புதுச்சேரியாகவும் இருக்கலாம், விழுப்புரம் பக்கமாகவும் இருக்கலாம். இரண்டு மாதம் புதுச்சேரிக்குத் தமிழ்நாட்டு பில் போயிருக்கிறது. ஆடிட்டர்தான் கண்டுபிடித்தார். தபால்காரர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும்.

பணம் வந்ததா என்று பார்ப்பதும் அப்படித்தான். போன வருடம் புரட்டாசியில் ஒரு பெண் 4,800 ரூபாய்க்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். பச்சை டிக், தேதி, நேரம் எல்லாம் கச்சிதம். இரண்டு பார்சல் போன பிறகுதான் கணக்கில் பணம் ஏறவே இல்லை என்று தெரிந்தது. ஸ்கிரீன்ஷாட் மாதிரியே படம் செய்து தருகிற ஆப் இருக்கிறதாம். அன்று முதல் 12 இலக்க யுபிஐ எண்ணை பேங்க் ஸ்டேட்மெண்டில் தேடித் தேடி டிக் அடிக்கிறேன், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு பார்க்கிற மாதிரி. நீங்கள் கொண்டு வந்த டாஷ்போர்டுகளில் வண்ண வண்ணமாக வட்டப் படம் இருந்தது, போன மாதத்தைவிட இந்த மாதம் எத்தனை சதவீதம் ஏறியது என்று இருந்தது. இந்த 4,800 உண்மையா பொய்யா என்று சொல்கிற இடம் மட்டும் இல்லை.

ஏற்காட்டையும் சொல்லிவிடுகிறேன். மேலே எஸ்டேட்டில் வேலை செய்கிற பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தீபாவளிக்கு வாங்குவார்கள். அவர்களில் ஒருவர்தான் எல்லாருக்கும் ஆர்டர் போடுவார். சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு நடந்து வந்து, ஒரே மூச்சில் பன்னிரண்டு மெசேஜ் அனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவார். அடுத்த பதில் மறுநாள்தான். நானே ஒரு தடவை வேனில் சரக்கு எடுத்துக்கொண்டு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவில் ஏழெட்டு தாண்டியதும் போன் செத்துவிட்டது. அன்று என்னிடம் இருந்த ஆப், இன்டர்நெட் இல்லை என்று ஒரு டைனோசர் மாதிரி பொம்மையைக் காட்டிவிட்டு நின்றது. ஸ்டாக் எவ்வளவு, யாருக்கு என்ன விலை சொன்னேன், ஒன்றும் தெரியவில்லை. கோவில் திண்ணையில் உட்கார்ந்து பழைய நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆபீஸ் வைஃபையில் ஆப்பைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சேலம் முழுக்க ஓடும் என்று சொல்லாதீர்கள். ஏற்காடும் சேலம் மாவட்டம்தான்.

இப்போது எட்டாவது ஆளைப் பற்றிச் சொல்கிறேன். ஏழு பேரில் இந்தப் பெண்ணைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் அவள் எதையும் விற்க வரவில்லை. மலைக்காரப் பெண், வீட்டில் காபியும் மிளகும். சேலை வாங்க வந்தவள் நான் லேபிள் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நான் கொஞ்ச நேரம் எழுதவா?" என்றாள். மார்க்கர் பேனாவை வாங்கிக்கொண்டு முப்பது கவரில் அட்ரஸ் எழுதினாள். மறுநாளும் வந்தாள். மூன்றாவது நாள் லேப்டாப்போடு வந்தாள். மெசேஜை அப்படியே ஒட்டினால் பெயர், தெரு, ஊர், பின்கோடு, போன் நம்பர் என்று பிரித்து, நாலுக்கு ஆறு இன்ச் லேபிளாகப் பிரிண்ட் ஆகிற மாதிரி ஒன்று செய்தாள். அவ்வளவுதான். லாகின் கிடையாது, வட்டப் படம் கிடையாது. ஆரம்பத்தில் மாரியம்மனையே வாங்குகிறவர் பெயராக எடுத்துக்கொண்டு லேபிள் அடித்தது. "திருமதி மாரியம்மன், கோயில் பின்புறம்" என்று ஒரு பார்சல் போயே போய்விட்டது, கூரியர் பையன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பான். அதையும் சரிசெய்தாள். எனக்கு ராத்திரி இரண்டு மணி நேரம் மிச்சமானது. மாதம் 300 ரூபாய் கேட்டாள், நான் 500 கொடுத்தேன். தெருவில் இன்னும் பதினொரு வீடு வாங்கியது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அவளுக்கு பெங்களூருவில் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம், போகாதே என்று நான் எப்படிச் சொல்வது? போனாள். சில மாதம் ஓடியது. ஐப்பசியில் ஒரு ராத்திரி, எழுபது பார்சல் கிடக்கும்போது, மெசேஜை ஒட்டினால் வெள்ளைப் பக்கம். சர்வருக்குப் பணம் கட்டத் தவறிவிட்டதாம். அவளுக்கு போன் போட்டால் ஷிப்ட். மறுபடியும் மார்க்கர் பேனா. எனக்கு அவள் மேல் இன்னும் பிரியம்தான், ஆனால் அந்த ஒரு வாரம் என் கைவிரல் என்ன சொன்னது என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

அவளாவது போன் எடுத்துப் பதில் சொன்னாள். ஏழு பேரில் ஒருவர் ஆரம்பித்த கம்பெனி எப்போது மூடியது என்றே எனக்குத் தெரியாது. அவர்கள் கொடுத்த க்யூஆர் கோடை இரண்டாயிரம் கவரில் அச்சடித்து வைத்திருந்தேன். ஒரு வாடிக்கையாளர்தான் சொன்னார், ஸ்கேன் செய்தால் ஏதோ சூதாட்டப் பக்கம் திறக்கிறது என்று. மிச்சம் இருந்த கவரில் எல்லாம் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினோம்.

பெரிய கம்பெனியிலும் இது நடக்கிறது, எனக்குத் தெரியும். 2020 ஜூன் 29-ல் டிக்டாக்கோடு சேர்த்து 59 ஆப்புகளை அரசு தடை செய்தது. அதில் வீடியோ போட்டு வியாபாரம் பிடித்தவர்கள் மறுநாள் சைபரில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. 2021 அக்டோபர் 4 ராத்திரி பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகப் படுத்தன, ஆறு மணி நேரத்துக்கு மேல். அந்த வருடத் தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. மூன்றுக்கும் முதலாளி ஒருவர், அதனால் ஒன்று விழுந்தால் இன்னொன்றில் சொல்லலாம் என்பதும் நடக்கவில்லை. சின்னக் கடைக்காரர்களுக்குக் கூகுள் இலவசமாகக் கொடுத்திருந்த ஒற்றைப் பக்க வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் நிறுத்தியது. ஆனால் அதற்கு முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்தார்கள், ஜூன் வரைக்கும் பழைய முகவரிக்கு வருகிறவர்களைக் கடைக்காரரின் கூகுள் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். மூடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. மலையளவு கம்பெனிக்கே அது முடிகிறது என்றால், ஐந்து ரோட்டில் மாடி எடுத்து நடத்துகிற உங்களுக்கு ஒரு போன் கால் முடியாதா?

அதனால் இனிமேல் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது விலை இல்லை. "நீ கடையை மூடினால் என் லிஸ்ட் எனக்கு எப்படித் திரும்பி வரும்?" என்பதுதான். பெயர், நம்பர், அட்ரஸ், யார் என்ன வாங்கினார்கள், இவ்வளவும் ஒரு எக்செல் ஃபைலாக நான் நினைத்த நேரத்தில் எடுக்க முடிய வேண்டும், உங்களைக் கேட்காமல். இதைச் சொன்னதும் ஒருவர் முகம் மாறியது. அந்த லிஸ்ட்தான் அவர் இன்வெஸ்டரிடம் காட்டப் போகிற சொத்து போலிருக்கிறது. தம்பி, அது உன் சொத்தும் இல்லை, என் சொத்தும் இல்லை. நாலாயிரம் பெண்கள் என்னை நம்பிக் கொடுத்த வீட்டு விலாசம். தனிநபர் தரவுக்கு 2023-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். என் போனில் உள்ள காண்டாக்ட் எல்லாவற்றையும் ஏற்றினால்தான் ஆப் திறக்கும் என்று இனி என் வாசலில் யாரும் சொல்ல வேண்டாம்.

மொத்தமாக மெசேஜ் அனுப்புகிற மென்பொருளோடு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர்தான், அதிலும் என் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போகும், எனக்குத் தெரியும். ஏபிஐ வழியாக, அதாவது மென்பொருள்களுக்கு வாட்ஸ்அப்பே திறந்து வைத்திருக்கிற வழியில், போனால் ஆயிரக்கணக்கில் அனுப்பலாம், அதுவும் தெரியும். விளம்பர மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் காசு உண்டு என்பதை நீங்கள் மூன்றாவது சந்திப்பில்தான் சொல்கிறீர்கள். முதல் நாளே சொல்லுங்கள். கணக்குப் போட எங்களுக்கும் தெரியும், தறிக்கூலியில் காசு காசாகப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஏபிஐ இல்லாமல் குறுக்கு வழியில் அனுப்பித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு எங்கள் தெருவில் ஒரு வீட்டு நம்பரே முடங்கிப் போனது. ஏழு வருடச் சாட். அந்த அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

கருப்பூர் பக்கம் டைடல் நியோ பார்க் 2024 செப்டம்பரில் திறந்தார்கள். ஸ்டார்ட்அப்புகளுக்குத் தமிழ்நாடு அரசு நடத்துகிற டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் வரை மானியம் கிடைக்கிறது என்று உங்களில் ஒருவர்தான் எனக்குச் சொன்னார். சந்தோஷம். படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ஓடிய காலத்தில், 1935-லேயே ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ வந்த ஊர் இது. பெங்களூருவுக்கு ரயில் ஏறாமல் இங்கேயே ஏதாவது செய்ய நினைக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு குளிர்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வேண்டாதவர்களாக இருந்தால் டீயோடு விட்டிருப்பேன்.

வருகிறவர்களுக்குச் சில விவரம். செவ்வாயும் வெள்ளியும் புதுச் சரக்கு இறங்கும், அன்றைக்கு வந்தால் காலையில் படம் எடுப்பதில் இருந்து ராத்திரி கூரியர் வண்டி வரை முழுசாகப் பார்க்கலாம். சேலத்தில் இருந்து டவுன் பஸ் உண்டு. பஸ் ஸ்டாப்பில் இறங்கி போன் போட்டால் யாராவது வந்து கூட்டிக்கொண்டு வருவோம். லேப்டாப்பை முதல் நாள் பையிலேயே வைத்திருங்கள். "ஹோல்ட் பண்ணுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிற நாலு பேருக்கு நீங்களே பதில் போடுங்கள். கட் பண்ணாத அன்பாக்சிங் வீடியோ இல்லாமல் டேமேஜ் என்று சண்டைக்கு வருகிறவரிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள். இருபது பார்சலாவது உங்கள் கையால் கட்டுங்கள். மத்தியானச் சாப்பாடு இங்கேயே, வெள்ளிக்கிழமை என்றால் கறி கிடையாது.

அப்புறம், சார்ஜர் வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். என் வீட்டுப் ப்ளக் பாயிண்ட் எல்லாவற்றையும் ரிங் லைட்டும் பிரிண்டரும் பிடித்துவிட்டன.

இப்படிக்கு,
இளம்பிள்ளை சேலைக்கார அக்கா